விளக்குக்கும் கபோர்டு கைப்பிடிக்கும் ஒரே நிறம் வேணுமா?



போன மாதம் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் குழுக் கூட்டம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தெல்லாம் வாங்கிவிட்டுக் கிளம்பும்போது உறுப்பினர் அக்கா ஒருவர், "மேடம், எங்க வீட்டு அடுப்படியைக் கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூட்டிப் போனார்.

குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி அடுப்படியில் பி.வி.சி. கபோர்டு போட்டிருந்தார். "விளக்கு, கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் ஒரே கோல்டு கலர்ல எடுத்தாத்தான் ரிச்சா இருக்கும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி 14 கைப்பிடி, இரண்டு சுவர் விளக்கு, மேடைக்கு மேலே தொங்குகிற விளக்கு ஒன்று, எல்லாமே கோல்டு. எட்டு மாதம்தான் ஆகிறது. தொட்டிக்குக் கீழே இருக்கிற நான்கு கைப்பிடியிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அக்கா புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். இருந்த மினுக்கமும் போய் சாம்பல் நிறம் வந்துவிட்டது. அதே வீட்டில் மாமியார் காலத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பளபளவென்று நிற்கிறது.

"அதே புளிதான் மேடம். அது மட்டும் மின்னுது, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். கடனில் இன்னும் 12 தவணை பாக்கி இருக்கிறது.

எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. சமூகப்பணிப் படிப்பில் கைப்பிடியைப் பற்றி ஒரு பாடமும் கிடையாது! பிறகு ஒரு ஆசாரியிடமும் எலக்ட்ரீசியனிடமும் விவரம் கேட்டுக்கொண்டேன். வீடு கட்டுகிற, அடுப்படியை மாற்றுகிற சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய பேர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

குத்துவிளக்கு முழுக்க முழுக்கப் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்து உருக்கி வார்த்தது. மேலே கருத்துப்போனால் புளி அந்தக் கருப்பை எடுத்துவிடும், அடியிலிருந்து வருவதும் பித்தளைதான். கடையில் "கோல்டு பினிஷ்" என்று விற்கிற கைப்பிடி அப்படி இல்லை. உள்ளே துத்தநாகக் கலவையோ இரும்போ இருக்கும். அதன் மேல் மின்சார முலாம், அதற்கும் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. இந்த மினுக்கம் தலைமுடி கனத்தைவிடக் குறைவு. புளி, எலுமிச்சை, கழிவறை கழுவுகிற ஆசிட், தேய்க்கிற கம்பிநார் எல்லாமே அந்தத் தோலை உரித்துவிடும். உப்புக்காற்றும் தண்ணீரும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் துத்தநாகம் வெள்ளையாகப் பூக்கும், இரும்பு செம்பழுப்பாகத் துருப்பிடிக்கும். அக்காவின் கைப்பிடியில் நடந்தது இதுதான். அவர் சுத்தம் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை, நமக்குத் தெரிந்த வைத்தியம் வேறு பொருளுக்கானது.

அதனால் வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பிடியைத் திருப்பி, ஸ்குரூ போகிற ஓட்டைக்குள் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம், சாம்பலாக இருந்தால் முலாம். ஒரு சின்ன காந்தமும் கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்று நம்பிவிடாதீர்கள். துத்தநாகக் கலவையிலும் அலுமினியத்திலும் கூட காந்தம் ஒட்டாது.

எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 202 என்பதில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. 304 நன்றாக உழைக்கும். ஆனால் கடலுக்கு அருகில் இருக்கிற வீடுகளில் 304 மேலும் டீக்கறை மாதிரி புள்ளி விழும். அங்கே வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கறுப்புப் பவுடர் கோட்டிங் அழகுதான், ஆனால் மோதிரமும் வளையலும் படுகிற ஓரத்தில் பெயர்ந்துவிடும். அடியில் இரும்பு இருந்தால் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், அப்படி முயற்சி செய்கிறபோதுதான் கெட்டுப்போகிறது. ஏனென்றால் ஒரு கம்பெனியின் கோல்டு இன்னொரு கம்பெனியின் கோல்டு ஆகாது. ஒன்று எலுமிச்சை மஞ்சள், இன்னொன்று சிவந்த மஞ்சள். வெள்ளியிலும் அப்படித்தான். குரோமியம் கொஞ்சம் நீலம் தட்டும், நிக்கல் மங்கலான மஞ்சள் தட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் "ஒரே மாதிரி எடுக்கப் பார்த்து ஏமாந்துட்டாங்க" என்று காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக வித்தியாசமாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பட்டுப்புடவைக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணி தேடி அலைவதைவிட, கரை நிறத்தில் எடுத்துவிடுகிறோம் இல்லையா, அதே கணக்குதான்.

ஒரு அறைக்கு இரண்டு நிறம் போதும். கைப்படுகிற, தண்ணீர் படுகிற பொருட்களான கைப்பிடி, குழாய், தாழ்ப்பாள் எல்லாம் எவர்சில்வராக இருக்கட்டும். மங்கலான பினிஷ் நல்லது, கைரேகை தெரியாது. கை எட்டாத உயரத்தில் இருக்கிற விளக்குக்குப் பித்தளை நிறமோ கறுப்போ ஆசைப்படி எடுங்கள், அங்கே உராய்வு கிடையாது. அந்த இரண்டாவது நிறம் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் ஒட்டாத மாதிரி தெரியும். இன்னொரு இடத்திலும் ஒன்று இருக்கட்டும். பித்தளை விளக்கு என்றால் பூஜை அலமாரிக்கு ஒரே ஒரு பித்தளைக் குமிழ். குத்துவிளக்கு கண்ணில் படுகிற வீடாக இருந்தால் அதுவே போதும்.

பல்பையும் மறந்துவிடாதீர்கள். எல்.இ.டி. பல்பு பெட்டியில் கெல்வின் கணக்கு போட்டிருக்கும். 6500 என்றால் வெள்ளை வெளிச்சம், 3000 என்றால் மஞ்சள். வெள்ளை வெளிச்சத்தில் கோல்டு வெளிறிப்போய்த் தெரியும், மஞ்சளில் எவர்சில்வரும் லேசாகப் பொன்னிறம் காட்டும். கடையில் பார்த்த நிறம் வீட்டில் வராததற்குப் பாதி காரணம் இதுதான். ஒரே ஒரு கைப்பிடியை முதலில் வாங்கி வந்து, ராத்திரி உங்கள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். காய் நறுக்குகிற மேடைக்கு நான் 4000 சொல்வேன், அரிசியில் கல் பார்க்கக் கண் வலிக்காது.

கைப்பிடி வடிவத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. இரண்டு முனையும் நீட்டிக்கொண்டு இருக்கிற கம்பி மாதிரி கைப்பிடி முந்தானையை இழுக்கும். பால் பாத்திரத்தோடு நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். முனை மடங்கிய 'டி' எழுத்து வடிவம் நல்லது. அடுப்புப் பக்கம் பூ வேலைப்பாடு உள்ளது வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று விளக்கில் இருக்கிறது. உடம்பு முழுக்க உலோகமாக இருக்கிற விளக்குக்கு எர்த் வயர், அதாவது பச்சை வயர், கட்டாயம் கொடுக்க வேண்டும். அந்த அக்கா வீட்டில் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்தபோது, மேடை விளக்கில் பச்சை வயர் சும்மா சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. தொட்டியில் ஈரக்கையோடு நின்று அந்த விளக்கை எத்தனை நாள் துடைத்திருப்பாரோ. உங்கள் வீட்டில் மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்சு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கரண்ட் நின்றுவிட வேண்டும், நிற்கவில்லையென்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். விளக்கைத் துடைக்கும்போது அதன் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, மெயினையே நிறுத்திவிடுங்கள்.

அக்காவுக்கு 14 கைப்பிடியையும் மாற்றப் பணம் இல்லை, மாற்றவும் தேவை இல்லை. இரண்டு ஓட்டைக்கும் நடுவில் அளந்தோம், நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு 96 மில்லிமீட்டர். இது எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவு. 128, 160 அளவிலும் வரும். அதே அளவில் எடுத்தால் கதவில் புது ஓட்டை போட வேண்டாம். தொட்டிக்குக் கீழே கெட்டுப்போன நான்குக்கு மட்டும் எவர்சில்வர் வாங்கி, ஸ்குரூ டிரைவரால் அவரே மாட்டிக்கொண்டார். மேல் வரிசையில் கோல்டு நன்றாகவே இருக்கிறது, அதை வெறும் ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறார். கீழ் வரிசை வெள்ளி, மேல் வரிசையும் விளக்கும் கோல்டு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுதான் இப்ப டிசைனா?" என்று கேட்டாராம்.