வீட்டை இப்பவே எழுதித் தரலாமா, உயில் எழுதலாமா? அப்பா அம்மாவிடம் இதைப் பேசுங்க!

"உயிலா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!" பல வீடுகளில் பேச்சு இதோட முடிஞ்சிடும். கொஞ்ச வருஷம் கழிச்சு, 'எதுக்கு வம்பு, உயிரோட இருக்கும்போதே பிள்ளை பேர்ல எழுதிடலாம்'னு அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிடுவார். அதுக்கு முன்னாடி, நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு.

செட்டில்மென்ட் பத்திரம் என்றால்?

குடும்பத்துக்குள் எழுதும்போது தமிழ்நாட்டில் கட்டணச் சலுகை உண்டு. அதனால் பலரும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறாங்க. ஆனால், பத்திரம் பதிவாகி, பிள்ளை அதை ஏத்துக்கிட்டாலே வீடு அவருடையது. அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம். பெற்றோர் மனசு மாறினால், தாங்களாகவே போய் ரத்து செய்துவிட முடியாது.

உயில் என்றால்?

எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை வீடு அவர் பெயரில்தான் இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துட்டா பின்னாடி சண்டை குறையும். சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயம். சொத்து பெறுபவரையே சாட்சியாகப் போடாதீங்க. அப்பாவுக்கு வயது அதிகம்னா, தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது.

உயிலே இல்லைன்னா?

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன், மகள், அவருடைய தாய் என எல்லோருக்கும் சமமாகப் போகும். கல்யாணமான மகளுக்கும் அதே பங்குதான். மற்ற மதத்தினருக்கு விதிகள் வேறு. அதனால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சா?

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு கைகொடுக்கும். 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்கலைன்னா, 60 வயதைக் கடந்தவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம். பத்திரத்தை ரத்து செய்ய அதற்கு அதிகாரம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானப்பத்திரத்தை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ்தான் ரத்து செய்தது.

ஆனால் அந்த நிபந்தனை இருந்ததுன்னு நிரூபிக்கணும். 2022-ல் இதே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் அதை வலியுறுத்தியிருக்கு. அதனால் செட்டில்மென்ட்தான் எழுதணும்னு வீட்டில் முடிவெடுத்தால், பராமரிப்பு நிபந்தனையையும், பெற்றோர் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க.

இந்தப் பேச்சை யார் ஆரம்பிக்கிறது? அப்பா அம்மா கேட்கத் தயங்குவாங்க. "வீடு உங்க பேர்லயே இருக்கட்டும்ப்பா, உயில் மட்டும் எழுதி வைங்க"ன்னு நீங்களே சொல்லுங்க. அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி எல்லோரும் கூட இருக்கும்போது சொன்னா இன்னும் நல்லது.