வளவில் வளரும் எரிபொருளும் வெக்கை குறைந்த வீடும்

2022ஆம் ஆண்டை நமது ஊர்கள் இலகுவில் மறந்துவிட மாட்டா. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பெற்றோல் 'கியூ' ஒரு பக்கம், மண்ணெண்ணெய் 'கியூ' இன்னொரு பக்கம். அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது. பிற்பாடு சில தடவை குறைக்கப்பட்டாலும், எரிபொருளைக் கப்பலில் எதிர்பார்த்திருக்கும் நாட்டின் நிலை என்னவென்று அந்த நாட்கள் நமக்குக் காட்டித் தந்தன.

இதற்கு மாற்றுத் தேடும் ஆய்வுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எரிபொருளை மண்ணில் வளர்த்தெடுப்பது ஒன்று. எரிபொருளின் தேவையையே குறைப்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நமது வீட்டுக்கும் பைக்கும் நெருக்கமானது இரண்டாவதுதான்.

தாவரத்திலிருந்து எரிபொருள்

தாவர எண்ணெயில் இயந்திரம் ஓடுவது புதிய விடயமல்ல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1975இல் பிரேசில் கரும்பிலிருந்து எதனோல் எடுக்கும் தேசியத் திட்டத்தை ஆரம்பித்தது. இந்தியாவோ காட்டாமணக்கை நம்பியது. 2017இல் 20 வீதம் உயிர் எரிபொருள் கலப்பது என்று 2009ஆம் ஆண்டுக் கொள்கை இலக்கு வைத்தது. தரிசு நிலத்தில் தானாக வளரும் என்று சொல்லப்பட்ட செடி, தண்ணீரும் பசளையும் இல்லாமல் போதிய காய் தரவில்லை. இலக்கு எட்டப்படவில்லை.

இலங்கையின் தெரிவு கிளிசிரிடியா. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் இது அறிவிக்கப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம் நமது வேலிகளில் எப்போதோ குடியேறிவிட்டது. கதியாலை நட்டால் போதும், துளிர்க்கும். வெட்ட வெட்டக் கிளைக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கிறது. குழை ஆட்டுக்குத் தீனி, தென்னைக்குப் பசளை. மிஞ்சும் தடி விறகு.

நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் உண்டு. டீசலில் இது 10,000க்குச் சற்று மேல். அதாவது இரண்டே கால் கிலோ விறகு ஒரு கிலோ டீசலின் வெப்பத்தைத் தரும். பச்சை மரத்தில் ஏறத்தாழ அரைவாசி தண்ணீர் என்பதால் காய வைப்பது அவசியம். விறகை எரித்து நீராவி எடுக்கலாம். அல்லது காற்றை மட்டுப்படுத்திச் சூடாக்கி, காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயுவாக மாற்றி இயந்திரத்தை ஓட்டலாம். இரண்டாம் உலகப்போரில் பெற்றோல் கிடைக்காத ஐரோப்பாவில் இந்த விறகு வாயுவில்தான் பல வாகனங்கள் ஓடின. நமது நெல் ஆலைகள் உமியை எரித்து நெல் அவிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான்.

ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. தன்மேல் விழும் வெயிலில் ஒரு வீதத்தைக்கூடப் பெரும்பாலான பயிர்கள் சேமிப்பதில்லை. சூரியத் தகடு 20 வீதமளவில் மின்சாரமாக்குகிறது. எனவே வயலை அழித்து எரிபொருள் நடுவது நட்டம். வேலியிலும் தென்னை இடைவெளியிலும் வளர்வதும், உமி போன்ற கழிவுமே நமக்கு இலாபம்.

வெக்கை எங்கிருந்து வருகிறது?

கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமையாகவே ஆகிவிட்டது. மத்திய கிழக்கில் உழைத்த காசெல்லாம் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்டவர்கள் கொங்கிறீட்டை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாப்பா கட்டிய வீட்டின் கரண்ட் பில்லை ஆயுள் முழுக்கக் கட்டப்போவது மகள்.

நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு 7, 8 பாகை வடக்கே. ஆகவே நண்பகல் வெயில் சுவரில் அல்ல, கூரையில்தான் விழுகிறது. அடுத்தபடி சூடாவது கிழக்கு, மேற்குச் சுவர்கள். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு இரண்டடி தாழ்வாரமே பெரும்பாலும் போதும். கொங்கிறீட் தட்டு பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து, இஷாவுக்குப் பிறகும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். "ராவெல்லாம் ஊடு அவியுது" என்கிறார்களே, காரணம் இதுதான். உடனே ஏசி பூட்டுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 75 வாற் மின்விசிறி இரவில் எட்டு மணித்தியாலம் சுற்றினால் மாதம் 18 அலகு. 1,000 வாற் ஏசி அதில் அரைவாசி நேரம் மட்டும் இழுத்தாலும் 120 அலகு. அலகு ஏற ஏற ஓர் அலகின் விலையும் ஏறுவது நமது கட்டண முறை.

நமது முன்னோர் செய்தது

ஈரானின் யஸ்த் நகரத்துக் காற்றுக் கோபுரங்கள், மின்சாரம் வருவதற்கு நூற்றாண்டுகள் முந்தியவை. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் பத்ஹி 1940களில் நியூ குர்னா கிராமத்தை மண் செங்கல்லால் அமைத்தபோது, முற்றத்தையும் காற்றுப் பிடிக்கும் அமைப்பையும் மீண்டும் கொண்டுவந்தார். ஆனால் அவற்றை அப்படியே நாம் எடுக்க முடியாது. பாலைவனத்தின் உலர்ந்த காற்றைத் தண்ணீர் குளிர்விக்கும். ஈரப்பதன் நிறைந்த நமது கரையோரத்தில் அது பெரிதாகப் பலிக்காது. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் கட்டப்பட்ட 'பசிவ்' வீடு காற்றுப் புகாமல் அடைத்து வெப்பத்தைக் காக்கிறது. அது குளிர் நாட்டுக்கானது.

நமக்கு வேண்டியது நிழலும் ஓடும் காற்றும். தட்டுக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பாசி பிடித்தால் மறுபடி பூச வேண்டும். இடைவெளி விட்டு மேலே ஓட்டுக்கூரை போட்டால் இன்னும் நல்லது. மேற்கே ஒரு மரமோ பந்தலோ வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் மேற்கு ஜன்னலைச் சாத்தி, கடல்காற்று வரும்போது கிழக்கைத் திறக்க வேண்டும். காத்தான்குடி, சாய்ந்தமருது போல சுவரோடு சுவர் முட்டும் ஊர்களில் வீட்டு நடுவே ஒரு சிறு முற்றம் விட்டாலும் சூடான காற்று மேலே வெளியேறும். கீழே புதிய காற்று நுழையும். ஏசி தேவைதான் என்றால் ஓர் அறையை மட்டும் இடைவெளியின்றி அடைத்து, அதன் கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுங்கள்.

பள்ளிவாசல்களும் இதை யோசிக்க வேண்டும். முன்பு நாற்புறமும் திறந்த விறாந்தைகளோடு இருந்த பல பள்ளிகள் இன்று கண்ணாடிக்குள் அடைபட்டுவிட்டன. ஜமாஅத்தின் சந்தாப் பணம் மின்சாரமாகக் கரைகிறது. வுழூ செய்யும் தண்ணீரில்கூட வீண்விரயம் கூடாது என்று படித்த சமூகம் நாம். வீட்டு 'பிளேன்' கீறும் மேசையிலும் இந்தப் பேணுதல் வேண்டும். அத்திவாரம் போட முந்தி மேசனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: கூரையில் விழும் வெயில் எங்கே போகும்? உள்ளே வந்த காற்று எந்த வழியால் வெளியேறும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு கல் வையுங்கள்.