எரிச்சற்குடல் நோயும் இயற்கைப் பரிகாரமும்

உடலிலே புண்ணுமின்றிக் கட்டியுமின்றி ஒருவர்க்கு ஆண்டுக்கணக்காக வயிறு வலித்தல் கூடுமோ எனின், கூடும் என்பதே இக்கால வைத்திய நூலாரின் துணிபு. அங்ஙனம் வருவதை எரிச்சற்குடல் நோய் என்பர்; ஐ.பி.எஸ். என்னும் ஆங்கிலக் குறுக்கத்தால் அறிந்தோரும் உளர். சப்பிரகமுவா மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர் ‘வாய்வு’ என்றும் ‘சூடு’ என்றும் ‘பொருமல்’ என்றும் பெயரிட்டுப் பொறுத்துக்கொள்ளும் துன்பங்களுள் ஒரு பகுதி இந்நோயாதல் கூடும். இஃது உயிரைப் போக்காது, ஆயினும் நாட்சம்பளத்தைப் போக்கும், மாணவரின் பாடவேளையைப் போக்கும், மனவமைதியையும் போக்கும். ஆதலின் இதன் இயல்பையும், வீட்டிலேயே செய்யத்தகும் பரிகாரங்களையும் அறிதல் பயனுடைத்து.

முதற்கண் நோயின் இலக்கணத்தை நோக்குதல் தகும். உரோமை விதிகள் எனப்படும் சர்வதேச வரையறை 2016ஆம் ஆண்டில் நான்காம் முறையாகத் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி, தொடங்கி 6 மாதங்களேனும் கழிந்து, இறுதி 3 மாதங்களிற் கிழமைக்கு ஒரு நாளேனும் வந்த வயிற்றுவலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புறுதல், கழியும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் உடனிருத்தல் வேண்டும். மலச்சிக்கல் மிக்கது, வயிற்றுப்போக்கு மிக்கது, இரண்டும் மாறிமாறி வருவது எனப் பிரிவுகளும் உள. பிரிவறியாது செய்யும் பரிகாரம் ஒருவர்க்கு நன்மையும் இன்னொருவர்க்குத் தீமையும் பயக்கும் என்பதை மறத்தலாகாது.

இனி நோயின் காரணம். குடற்சுவரில் 10 கோடிக்குக் குறையாத நரம்புக்கலங்கள் உள்ளன. குடலுக்கெனத் தனி நரம்புத்தொகுதி உண்டு என்பதை ஆங்கில உடற்றொழிலியலாளர் இலாங்லி 1921இல் எழுதிய நூலில் விளக்கினார். அத்தொகுதி மூளையோடு இடையறாது செய்தி பரிமாறுகின்றது. ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே அமெரிக்கரான கனன், பூனையின் சமிபாட்டு அசைவுகளை அக்கதிரால் நோக்கி, அவ்விலங்கு கலக்கமுற்றபோது அசைவு நின்றதைக் கண்டார். மனத்தின் கலக்கம் வயிற்றை வருத்தும் என்னும் பழைய அனுபவத்திற்கு அது விஞ்ஞானச் சான்றாயிற்று. எரிச்சற்குடல் நோயிலோ குடலின் உணர்ச்சி மிகுந்துவிடுகின்றது. பிறர் உணராத சிறு வாயுவும் இந்நோயாளர்க்கு வலியாகின்றது.

தொற்றும் ஒரு காரணமாகும். 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் கனடாவின் உவாக்கேட்டன் என்னும் சிற்றூரிற் குடிநீர் மாசுற்று ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் வருந்தினர், எழுவர் மாண்டனர். பிழைத்தோரைப் பின்னர் ஆராய்ந்தபோது, நோயுறாதவரினும் அவரிடத்தே எரிச்சற்குடல் நோய் பன்மடங்கு மிக்கிருந்தது. ஊற்றுநீரையும் ஓடைநீரையும் காய்ச்சாது பருகும் லயக் குடியிருப்புகளுக்கு இது தக்கதோர் எச்சரிக்கை. நீரைக் கொதிக்கவைத்தல் இன்றைய வயிற்றுப்போக்கை மட்டுமன்றி, நாளைய நெடுவலியையும் தடுக்கும்.

தோட்டத்தின் அன்றாட ஒழுங்கும் குடலுக்கு ஏற்றதன்று. குளிர்ந்த விடியற்பொழுதிலேயே இறப்பர்ப் பால் நன்கு வடியும். அதனால் எட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட முதலிய இடங்களிற் பால்வெட்டுவோர் இருள் புலருமுன் வெறுந் தேநீரோடு புறப்படுவர். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளிற் கொழுந்தெடுப்போர்க்கும் காலைநேரம் நெருக்கடியானதே. உணவு இரைப்பையிற் சேர்ந்தவுடன் பெருங்குடல் அசைதல் இயற்கை. அவ்வசைவு காலையில் வலிமிக்கது. உண்ணாது செல்வோர் அதனை இழக்கின்றனர். மலையிற் கழிப்பிடம் அருகில் இல்லாத பெண்கள் வரும் உணர்ச்சியையும் அடக்குகின்றனர். நாள்தோறும் அடக்கப்படும் உணர்ச்சி நாளடைவில் மழுங்க, மலம் இறுகிச் சிக்கல் உண்டாகும். ஆகையால் கால்மணி நேரம் முன்னெழுந்து, சிறிதேனும் உண்டு, அவசரமின்றி மலங்கழிக்கப் பழகுதல் முதற் பரிகாரமாகும்.

இரண்டாவது உணவுத் திருத்தம். பிரித்தானிய நாட்டில் 2008இல் வெளியான வைத்திய வழிகாட்டி, நேரந்தவறாது மென்று உண்ணல், நாளொன்றுக்கு 8 கோப்பையேனும் நீர்மம் பருகல், தேநீரையும் கோப்பியையும் 3 கோப்பைக்குள் அடக்கல் என்பவற்றை அறிவுறுத்தியது. தேயிலை விளையும் நாட்டில் இறுதி அறிவுரை கடினமே. ஆயினும் வெறுவயிற்றிற் கடுஞ்சாயத் தேநீரை மீண்டும் மீண்டும் பருகுவோர் அதனைக் குறைத்துப் பார்த்தல் நன்று. மிகுந்த உறைப்புச் சம்பலும் உணர்ச்சி மிக்க குடலை உறுத்தும்.

அவுத்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் மற்றொரு கருத்தை வெளியிட்டனர். சிறுகுடலிற் சரிவர உறிஞ்சப்படாத சிலவகை மாச்சத்துகளும் வெல்லங்களும் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன என்பதே அது. கோதுமை, வெங்காயம், உள்ளி, பருப்பு வகை, பால் ஆகியன அவற்றை உடையன. கோதுமைமா உரொட்டியும் வெங்காயச் சம்பலும் பாற்றேநீருமே காலையுணவாயின், மூன்றும் ஒருங்கே வயிற்றிற் சேர்கின்றன. இத்தகையோர் சில கிழமைகளுக்குச் சோறு, அரிசிக்கஞ்சி, அரிசிமாப் பிட்டு என்பவற்றை உண்டு பார்க்கலாம். வெங்காயத்திற்குப் பதிலாகப் பெருங்காயம் சேர்க்கலாம். பருப்பை ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் வாயு குறையும். துன்பந் தணிந்தபின், நீக்கியவற்றை ஒவ்வொன்றாக மீளச் சேர்த்து, தம் உடலுக்கு ஒவ்வாதது எதுவெனக் காணல் வேண்டும். பருப்பு ஏழையின் புரதம். அதனை என்றென்றைக்கும் விலக்குதல் தவறு. சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் வைத்தியர் சொல்லின்றி உணவைக் குறைத்தலாகாது.

நார்ப்பொருளிலும் வேற்றுமை உண்டு. நீரிற் கரைந்து வழுவழுப்பாகும் இசப்புக்கோல் உமி பயன்தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கரடான கோதுமைத் தவிடோ சிலர்க்கு வலியை மிகுவிக்கும். இசப்புக்கோலைச் சிறிதளவிலே தொடங்கி, போதிய நீருடன் உட்கொள்ளல் வேண்டும்.

மூலிகைகளிலும் ஆராய்ச்சி வேண்டற்பாலது. வில்வப்பூவைக் காய்ச்சிப் பருகுதல் சிங்கள மக்களிடை நெடுநாள் வழக்கு. வில்வப் பிஞ்சு துவர்ப்புடையது. வயிற்றுப்போக்கை அடக்க மரபு வைத்தியர் அதனை வழங்குவர். பழமோ மலத்தை இளக்கும் என்பர். மலச்சிக்கலுடையோர் பிஞ்சை உண்பின் துன்பம் பெருகுதல் இயல்பே. இஞ்சி குமட்டலைத் தணிக்கும்; ஆயினும் இந்நோயைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை. மிளகுக் கீரை எனப்படும் பெப்பமின்ட் எண்ணெய் குடற்றசையைத் தளர்த்தி வலியைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது மனப்பயிற்சி. 1984இல் மான்செஸ்டர் வைத்தியர் உவோர்வெல் குழுவினர் மனவசிய முறையால் இந்நோயாளர் நலமுற்றதை வெளியிட்டனர். அம்முறை எங்குங் கிடைப்பதன்று. எனினும் ஆழ்ந்து மூச்செடுத்தல், போதிய உறக்கம், உடற்பயிற்சி ஆகியன எவர்க்கும் எளியன. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் சிறுவரை ஆராய்ந்து, வீட்டிலும் பாடசாலையிலும் ஏற்படும் மனநெருக்கடி வயிற்றுவலியோடு தொடர்புடையது எனக் கண்டனர். பரீட்சைக் காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் மாணவனைப் பாசாங்குக்காரன் எனக் கடிதல் ஆசிரியர்க்கு அழகன்று. அவன் வலி மெய்யானது.

இயற்கைப் பரிகாரத்திற்கும் எல்லை உண்டு. மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, காய்ச்சல், இரத்தச்சோகை, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 50 வயதிற்குமேற் புதிதாய்த் தோன்றிய மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் கட்டாயம். அமீபா, கொழுக்கிப்புழு, குடற்புற்று என்பன ‘வாய்வு’ என்னும் பெயருள் மறைந்திருத்தல் கூடும். வைத்தியரைக் காணாது அடிக்கடி பேதிமருந்து உட்கொள்ளும் வழக்கமும் கைவிடத்தக்கது.

ஈண்டுக் கூறியவற்றுள் நேரந்தவறா உணவும் காய்ச்சிய நீரும் விலைமிக்கன அல்ல. ஆனால் உண்பதற்கு நேரமும், வேலைத்தலத்திற் கழிப்பிடமும், லயத்திற்குத் தூய நீரும் தனியொருவர் தாமே தேடிக்கொள்ளக்கூடியன அல்ல. அவற்றை அமைத்தல் தோட்ட நிருவாகத்தாரதும் அரசினதும் கடன். அவற்றின் இன்றியமையாமையை எடுத்துரைத்தல் கற்றோர் கடன். இரண்டும் நிறைவேறும்போதே இயற்கைப் பரிகாரம் ஏழையர்க்கும் உரியதாகும்.