ஆட்டம் ஓடும், காவல் விடாது

காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் அரசு கொடுத்த மடிக்கணினி இன்னும் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. பிள்ளைகள் அதை ஒருமுறை திறந்து பார்த்து, "இதுல கேம் ஓடாது" என்று மூடிவிடுவார்கள்.

அன்றைக்கு அது பெரும்பாலும் உண்மை. 2018-இல் வால்வ் நிறுவனம் புரோட்டானைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் மிகப் பல இப்போது ஓடுகின்றன.

அப்படியானால் இணையத்தில் பலர் மோதும் வாலரன்ட் விளையாட்டு ஏன் ஓடுவதில்லை? எல்லோரும் லினக்ஸுக்குத் திறன் போதாது என்றே நினைக்கிறோம். உண்மையில் தடுப்பது வேன்கார்ட் என்ற காவல் நிரல். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டுவது, தானே குறிபார்த்துச் சுடுவது போன்ற ஏமாற்று வேலைகளைப் பிடிக்க வந்தது அது. உட்காருவதோ கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்தில்.

நம் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். முகப்புவரை யாரும் வரலாம். உள்ளறைச் சாவி வீட்டுக்காரரிடம். விண்டோஸில் சாவி மைக்ரோசாஃப்ட் கையில். அது ஒப்புக்கொண்ட நிரல்தான் உள்ளே போகலாம். லினக்ஸில் சாவி நம்மிடம். உள்ளறையை இடித்து வேறு மாதிரியும் கட்டலாம். அங்கே தன் கண்ணில் படுவதைக் காவலாளி எப்படி நம்புவான்? இந்தப் பயம் பொய்யில்லை. ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டித்தான் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு 2024 அக்டோபரில் லினக்ஸை விலக்கியது.

ஆனால் எல்லாக் காவலும் இப்படி இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானில் இயங்கும். விளையாட்டை உருவாக்கியவர் அனுமதித்தால் போதும். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, அனுமதி வரவில்லை. அதுவரை லினக்ஸில் ஆடியவர்கள் வெளியே நின்றார்கள்.

லினக்ஸை அனுமதிக்கத்தான் வேண்டும் என்பேன். ஆடுபவரின் கணினியை முழுதாக நம்பவே கூடாது. சோதனையில் பெரும்பங்கு சர்வரில் நடக்கட்டும். மறைந்திருக்கும் எதிரியின் இடத்தை முன்கூட்டியே அனுப்பாமல் இருப்பதை வாலரன்ட்டே செய்கிறது. தானியங்கிக் குறியை மட்டும் இது தடுக்காது. ஆடும் விதத்தைக் கவனித்துத்தான் பிடிக்க வேண்டும், அதற்குச் செலவாகும். பரிசுப் போட்டிக்குக் கடுங்காவல் இருக்கட்டும், சாதாரண ஆட்டத்துக்கு லினக்ஸையும் விடலாம்.

இதற்கு இப்போது அவசரமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளுக்கு இனி லினக்ஸ் ஒரு நல்ல வழி. வால்வின் விளையாட்டுத் தளமான ஸ்டீமின் கணக்கெடுப்பிலும் அதே மாதம் லினக்ஸின் பங்கு 3 விழுக்காட்டைத் தாண்டியது.