கடைக் காசும் வீட்டுக் காசும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்திலே நம்மவர் இல்லங்களில் எழும் பேச்சை நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றோம். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் மேலான சித்தி பெற்ற பிள்ளை வைத்தியத்துக்கோ பொறியியலுக்கோ போகவேண்டும். அவ்வளவுக்கு எட்டாத பிள்ளை வர்த்தகத்துக்குப் 'போகட்டும்'. இந்தப் 'போகட்டும்' என்னும் சொல்லிலே எத்துணை இளக்காரம் அடங்கியிருக்கின்றது என்பதைப் பெற்றோர் உணர்வதில்லை, பிள்ளை உணர்ந்துகொள்கின்றது. புகையிலையைத் திருவாங்கூருக்கு ஏற்றியும், தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்தும் பொருளீட்டிய ஒரு சமூகத்தின் வழித்தோன்றல்கள் வணிகத்தை இரண்டாந்தரக் கல்வியாகக் கருதுவது விந்தையே. பாட்டனார் கடை நடத்திச் சேர்த்த காசிலேதான் தகப்பனார் படித்து உத்தியோகமானார் என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிட்டன.

உயர்தர வர்த்தகப் பிரிவில் வணிகக் கல்வி, கணக்கீடு, பொருளியல் என்பன முதன்மையான பாடங்கள். இவற்றின் தொடக்க ஆண்டிலே மாணவர் கற்பது யாது என்று பெற்றோர் பலர்க்குத் தெரியாது. கணக்கெழுதப் பழக்குகின்றார்கள் என்று நினைக்கின்றார்கள். வணிகச் சூழல், முகாமையின் தொழிற்பாடுகள், தொடர்பாடல், காப்புறுதி என்று பாடப்பரப்பு விரிந்து செல்வது மெய்தான். அவற்றுட் பெரும்பகுதியை ஞாபகசக்தியுள்ள எந்தப் பிள்ளையும் சில மாதங்களிலே மனனஞ் செய்துவிடும். அவற்றைக் குறித்து இங்கே நாம் நீட்டப்போவதில்லை. ஆயின் முதற் சில வாரங்களிலே வரும் ஓர் எண்ணக்கரு மட்டும் மனனத்துக்கு அகப்படுவதில்லை. உரிமையாளர் வேறு, வணிகம் வேறு என்பதே அது.

சொல்லும்போது எல்லாரும் தலையசைப்பார்கள். 'முருகேசர் கடையின் முதலாளி முருகேசர். அவர் கடையிலிட்ட இரண்டு இலட்சம் ரூபாவைக் கடை அவருக்குக் கொடுக்கவேண்டிய கடன்போலவே ஏட்டில் எழுதவேண்டும்' என்றவுடன் வகுப்பிலே முணுமுணுப்பு எழும். தம்முடைய காசைத் தாமே தமக்குக் கடனாகக் கொடுப்பது எப்படி? கடையிலிருந்து இரண்டு கிலோ சீனியை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அதனை எடுப்பனவு என்று பதியவேண்டுமாம். தம் பொருளைத் தாம் எடுப்பதற்குப் பதிவு எதற்கு? கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே இக்கேள்விகளை உரத்துக் கேட்பார்கள். அவர்கள் வீட்டிலே லாச்சி ஒன்றுதான். பால்மாக் காசும் பள்ளிக்கூடக் காசும் கோயில் உபயமும் அதற்குள்ளிருந்தே போகும்.

இவ்விடத்திலே இலண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வது எமது வழக்கம். ஆரன் சலமன் என்பவர் தோற் சப்பாத்துச் செய்யும் தொழில் நடத்தியவர். 1892இல் அதனை ஒரு கம்பனியாக்கினார். அதன் 20,007 பங்குகளுள் 20,001 அவர் கையிலே. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. தொழிலை விற்ற விலையின் ஒரு பகுதிக்காகக் கம்பனியின் சொத்துக்களைப் பிணையாகக் கொண்ட 10,000 பவுண் தொகுதிக்கடனையும் தம் பெயரிலே பெற்றுக்கொண்டார். கம்பனி விரைவிலே நொடித்தது. பிணையின்றிக் கடன்கொடுத்தோர், 'கம்பனியாவது, மண்ணாங்கட்டியாவது, எல்லாம் இந்தச் சலமன்தானே' என்று வழக்காடினர். கீழ்மன்றங்கள் அவர்கள் பக்கமே சாய்ந்தன. பிரபுக்கள் சபையோ 1896இல், சட்டப்படி அமைந்த கம்பனி அதன் பங்குதாரரினின்றும் வேறான ஓர் ஆள் என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. 'அப்படியானால் அவர் ஏமாற்றுக்காரர் அல்லவா, சேர்?' என்று ஆண்டுதோறும் எவரேனும் ஒருவர் எழுந்து கேட்பதுண்டு. அக்கேள்வி நல்ல கேள்வி. எமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமோ ஒரே பங்குதாரரோடு கம்பனி அமைக்கவும் இடந்தருகின்றது.

ஒன்றை மட்டும் மாணவர் கலந்துவிடலாகாது. தனியாள் வணிகத்திலே இப்பிரிவினையைச் செய்வது கணக்கு. சட்டம் அதனைச் செய்வதில்லை. முருகேசர் கடை முறிந்தால் கடன்காரர் அவருடைய வீட்டையும் வளவையும் தேடி வரலாம். கணக்கிலே பிரித்து எழுதாதவருக்கு அந்த நாள் நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே பயின்ற ஒரு மாணவி, தகப்பனை இழந்தவள். தாயார் வீட்டு முகப்பிலே சிறு பலசரக்குக் கடை நடத்திவந்தார். செயற்றிட்டமாக அக்கடையின் மூன்று மாதக் கணக்கை எழுத விரும்பினாள். ஏடு ஒன்றும் இல்லை. அயலவரின் கடன் கொப்பி மட்டும் இருந்தது. அவள் மாலைதோறும் அமர்ந்து எழுதினாள். கண்டது இது: வீட்டுக்கு எடுத்த பொருள்களை நீக்கிப் பார்த்தால் கடை மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 35,000 ரூபா இலாபம் தந்தது. ஆனால் வீட்டுக்கு எடுத்த பொருளின் கிரயம் 21,000, காசு 30,000, ஆக 51,000 ரூபா மாதந்தோறும் வெளியேறியது. மாதம் 16,000 வீதம் மூன்று மாதத்திலே 48,000 ரூபா மூலதனம் கரைந்திருந்தது. எங்கே கரைந்தது? மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய கடன் 30,000 ஏறியிருந்தது. தட்டிலுள்ள சரக்கு 18,000 குறைந்திருந்தது. கூட்டிப் பார்த்தபோது தொகை பொருந்திய மகிழ்ச்சியிலே கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், எமது மேசையருகே வந்ததும் பேசாது நின்றாள். அந்த எண்களின் பொருள் அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும்.

பின்னர் அவள் கேட்ட கேள்வி பாடநூலை விஞ்சியது. 'அம்மா காலை ஐந்து மணி தொடக்கம் இரவு ஒன்பது மணி மட்டும் நிற்கின்றா. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலே வரும், சேர்?' தனியாள் வணிகத்தின் ஏட்டிலே உரிமையாளரின் உழைப்புக்குச் சம்பளம் எழுதுவதில்லை. பொருளியலிலே அதற்கு அமையச் செலவு என்று பெயர் உண்டு: அவ்வுழைப்பை வேறிடத்திலே விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய கூலி. அதனையும் கழித்தால் 35,000 ரூபா இலாபத்திலே மிஞ்சுவது சொற்பமே. தாயாரும் மகளும் இருந்து பேசி, வீட்டுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வரையறுத்தார்கள். கடன் கொப்பியிலே ஆளுக்கொரு எல்லை வைத்தார்கள். அதனால் இரண்டொரு வாடிக்கைக்காரர் முகஞ்சுளித்துப் போயினர் என்றும் அறிந்தோம். கடை இப்போதும் இருக்கின்றது.

நிற்க, இரட்டைப் பதிவைப் பற்றிச் சிறிது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரு பக்கம் உண்டு என்னும் இம்முறையை லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியத் துறவி 1494இல் வெனிசில் அச்சான தம் கணித நூலிலே விளக்கினார். அவரே அதனைக் கண்டுபிடித்தார் என்று விடைத்தாளில் எழுதுவது தவறு. ஜெனோவா நகரின் 1340ஆம் ஆண்டுக் கணக்கேடுகளே இரட்டைப் பதிவிலே அமைந்தவை. எமது மாணவரை மயக்குவது வரலாறன்று, சொல். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலே ஏட்டின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ்நாட்டிலோ இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. இந்தியப் புத்தகத்தை வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரே சொல் இரு கரையிலும் எதிரெதிர்ப் பக்கத்திலே நிற்கும். அதுவும் போக, கடை வாடகையைக் கட்டிவிட்டு வாடகைக் கணக்கிலே 'வரவு' வைக்கச் சொன்னால், செலவான காசு எப்படி வரவாகும் என்று பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்? வீட்டிலே வழங்கும் வரவு செலவு வேறு, ஏட்டின் இரு பக்கங்களுக்கு இட்ட பெயர் வேறு என்பதை முதல் நாளே அழுத்திச் சொல்லிவிடுவது நலம்.

ஐந்தொகை என்ற சொல்லையும் இவ்விடத்திலே நினைவுகூரலாம். கொழும்புச் செட்டியார் தெருவிலே கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் முகவர்கள் ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கை ஒழுங்காக அனுப்பிவந்தனர். அவர்கள் வழங்கிய சொற்களுள் இது ஒன்று. 1939இல் இலங்கை வங்கி தோன்றும்வரை சுதேச வணிகர்க்குப் பெரிதும் கடனுதவியவர்கள் இவர்களே. புதிய கணக்கீட்டு நியமங்கள் வந்தபின் பாடநூல்கள் 'நிதிநிலைமைக் கூற்று' என்கின்றன. பொருள் தெளிவுதான், ஆயினும் பழைய சொல்லை விட எமக்கு மனமில்லை.

கணக்கு உண்மையைக் காட்டும் என்று சொல்லிவந்த ஆசிரியரை 2022ஆம் ஆண்டு திக்குமுக்காடச் செய்தது. அவ்வாண்டு மார்ச்சு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. ஒரு கடைக்காரர் மூடை 10,000 ரூபாவாகப் பத்து மூடை வாங்கி, 11,000 வீதம் விற்றார் எனக் கொள்வோம். ஏட்டின்படி இலாபம் 10,000 ரூபா. மறுகிழமை மூடையின் விலை 14,000. கையிலுள்ள 1,10,000 ரூபாவுக்கு ஏழு மூடை வாங்கினால் மிகுதி 12,000. எட்டாம் மூடைக்குப் போதாது. ஏடு இலாபம் என்கின்றது. தட்டிலே மூன்று மூடை குறைகின்றது. வாங்கிய விலையையே கிரயமாகக் கொள்ளும் வரலாற்றுக் கிரய எண்ணக்கரு, விலை நிலையாக உள்ள காலத்துக்கு ஏற்றது என்பதை மாணவர் அவ்வாண்டிலே வீட்டிலிருந்தே கற்றனர். இலாபம் வந்தது என்று நம்பி வீட்டுக்குக் காசெடுத்த கடைகள் பல, அடுத்த கொள்வனவுக்கு வழியின்றிப் பூட்டப்பட்டன. புதிய விலையை நினைந்து பழைய சரக்கின் விலையை உயர்த்தியவரோ 'கொள்ளைக்காரர்' என்று ஏச்சு வாங்கினார். சரி பிழையை வகுப்பிலே விவாதிக்க விட்டோம். மணி அடித்தும் முடியவில்லை.

ஆண்டின் பிற்பகுதியிலே பங்குடைமை வருகின்றது. மைத்துனன்மார் இருவர், ஒருவர் மூன்று இலட்சமும் மற்றவர் ஒரு இலட்சமும் இட்டு, எழுத்து ஒன்றுமின்றிக் கடை தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். எமது நாட்டிலே மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்திலே அமையவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்துள்ளது. எழுதினாலும் இலாபப் பங்கைக் குறிப்பிடாது விட்டால், இங்கும் செல்லுபடியாகும் ஆங்கிலேயரின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் குறுக்கிடும். அதன்படி இலாபமும் நட்டமும் சரிபாதி, மூலதனத்துக்கு வட்டியில்லை, கடையிலே நாள் முழுவதும் நிற்பவருக்குச் சம்பளமில்லை, மூலதனத்துக்கு மேலதிகமாகக் கொடுத்த கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உண்டு. மூன்று இலட்சம் இட்டவர் இதனைக் கேட்டாற் பதறுவார். 'உறவுக்குள்ளே எழுதிக் கேட்டால் மாமா கோபிப்பாரே, சேர்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். உடன்படிக்கையிலே மூலதனம், இலாப விகிதம், சம்பளம், எடுப்பனவு எல்லை, விலகும்போது கணக்குத் தீர்க்கும் முறை ஆகிய ஐந்தையும் எழுதிக் காட்டி, அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்கின்றோம். சென்ற தவணையிலே ஒரு மாணவனின் தகப்பனார் அத்தாளோடு பாடசாலைக்கு வந்து, ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார்: பங்காளி ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு எத்தனை மாதத்துள் பணம் கொடுத்துத் தீர்ப்பது என்பது. சேர்த்துக்கொண்டோம்.