பனைமரத்துக்கு முதல் மார்க்

கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935-ல் ஒரு லட்சம்! கணவர் கிட்டப்பா இறந்தபின் ஆண்களோடு ஜோடி சேர்வதில்லை என்றிருந்தவர், நந்தன் வேடத்தையே தானே போட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. படம் வந்தது. ஆனந்த விகடனில் கல்கி விமர்சனம் எழுதினார். படத்தில் பனைமரமும் எருமையும் பிரமாதமாக நடித்திருப்பதாக அவர் போட்ட போடு, படத்தைவிட அதிக நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தவர்களைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அந்த விமர்சனத்தைச் சொல்லிச் சிரிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

சுந்தராம்பாள் பக்கம் நின்று பார்த்தால் இது கொடுமைதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. விகடனின் அதிபர் எஸ்.எஸ்.வாசன்தான் 1953-ல் ஜெமினி சார்பில் 'ஔவையார்' எடுத்து, சுந்தராம்பாளை ஔவையாகவே தமிழர் மனத்தில் நிறுத்தினார். கேலி வந்ததும் கிரீடம் வந்ததும் ஒரே வீட்டிலிருந்து.

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்கு அந்தப் பனைமர நகைச்சுவையில் இன்னொரு ருசி உண்டு. சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. கொடிவேரி அணையும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்து வயல்களும் நடித்த அளவுக்கு நம் ஊர் மனிதர்கள் யாரும் நடித்ததில்லை. விமர்சகர்கள் அவற்றுக்கு ஒதுக்குவது ஒரே வரி: 'கிராமத்தின் பசுமையை கேமரா அள்ளி வந்திருக்கிறது.' எந்தக் கிராமம் என்று யாரும் எழுத மாட்டார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் கோபிக்காரர் கதையை விட்டுவிட்டு, "இது கொடிவேரிங்க, அணையில தண்ணி கொறைவா இருக்கறப்ப எடுத்திருக்கறாங்க" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார். அவர் போடும் மார்க்கில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

மார்க் என்றாலே விகடன்தான். நூற்றுக்கு இத்தனை என்று படத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் பல தலைமுறை வாசகர்களைப் பழக்கிவைத்தது. நாற்பதுக்கு மேல் போனால் பார்க்கலாம், நாற்பத்தைந்து என்றால் குடும்பத்தோடு போகலாம், ஐம்பது என்றால் டிக்கெட் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த நமக்கு இந்தக் கஞ்சத்தனத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1977-ல் வந்த '16 வயதினிலே' வாங்கியது 62.5. அடுத்த வருடம் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' 61. '16 வயதினிலே'யின் அந்த அரை மார்க்கைத்தான் நான் ரசிக்கிறேன். சப்பாணியின் நடைக்கா, மயிலின் பார்வைக்கா, பரட்டையின் சிரிப்புக்கா? விகடன் விமர்சனக் குழு என்ற பொதுப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து, அறுபத்திரண்டு போதாது, அறுபத்து மூன்று அதிகம் என்று யாரோ ஒருவர் வாதாடியிருக்க வேண்டும்.

அந்த 62.5-ல் கோபிக்கும் பங்கு உண்டு. படத்தை இயக்கிய பாரதிராஜாவிடம் அப்போது உதவி இயக்குநராக இருந்தவர் கோபிக்குப் பக்கத்து வெள்ளாங்கோயிலைச் சேர்ந்த கே.பாக்யராஜ். 1979-ல் 'சுவரில்லாத சித்திரங்கள்' மூலம் இயக்குநரானார். 1983-ல் அவருடைய 'முந்தானை முடிச்சு' வந்தபோது, எந்த விமர்சனமும் சொல்ல வேண்டாத சங்கதியைக் காய்கறிச் சந்தை சொல்லிவிட்டது. அந்தப் படத்தின் புண்ணியத்தில் முருங்கைக்காய் வாங்க நின்ற ஆண்கள் இன்றுவரை நமட்டுச் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். ஒரு படத்துக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை கிடையாது.

மார்க்கில் ஒரு வசதி, ஒரு வஞ்சகம். அவசரக்காரருக்கு அது பதில். ஆனால் ஏன் என்று கேட்டால் வாய் திறக்காது. 1991-ல் கோபிப் பக்கம் எடுத்து வெளிவந்த பி.வாசுவின் 'சின்னத்தம்பி'யைப் பாருங்கள். தாலி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வளர்ந்த ஆண் பிள்ளை! தர்க்கம் பார்ப்பவர் அங்கேயே பேனாவை மூடிவிடலாம். பார்க்காதவர்கள் அதை வெள்ளி விழா தாண்டி ஓட்டினார்கள். இளையராஜாவின் பாட்டுக்கு எத்தனை, குஷ்புவுக்கு எத்தனை, கதைக்கு எத்தனை என்று பிரித்துப் போட்டிருந்தால், கதை ஃபெயில், படம் பாஸ் என்று வந்திருக்கும். ஒற்றை எண்ணால் அதைச் சொல்ல முடியாது.

நாளிதழ்கள் வேறு வழி பிடித்தன. தினத்தந்தியில் 'கதையின் கரு' என்று தலைப்புப் போட்டுச் சுருக்கத்தை முதலில் சொல்லிவிடுவார்கள். தினமலரில் கடைசி வரி 'மொத்தத்தில்' என்று தொடங்கி, படத்தின் பெயரையே ஒரு திருகு திருகி முடியும். பலர் நடுப்பகுதியைத் தாண்டி அந்த வரிக்கு நேராக வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். சிலேடை நன்றாக விழுந்த வாரம் தேநீர்க் கடையில் இரண்டு பேர் சொல்லிக்காட்டுவார்கள். ஆனால் பெயரை வைத்து விளையாடுவதற்கும் பனைமரத்தைப் பாராட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதைப் படம் பார்க்காமலேயே எழுதலாம். பனைமரம் எந்தக் காட்சியில் நின்றது என்று சொல்லப் படத்தை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே பாடுதான். 1928-ல் நியூயார்க் டெய்லி நியூஸில் விமர்சகர் ஐரீன் திரர் படங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார். இன்னொரு விமர்சகரான லெனார்ட் மால்ட்டினோ, காதல் சுகமானதல்லவா என்று தலைப்பிலேயே கேட்ட 1948-ம் வருடத்துப் படம் ஒன்றுக்கு 'இல்லை' என்ற ஒரே வார்த்தையில் விமர்சனம் எழுதி முடித்துவிட்டார். நம் கொங்கு நாட்டில் அவ்வளவு வெட்டென்று பேசிவிட முடியாது. "நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க... ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றால் படம் அவுட் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் 'கங்குவா' வந்த கையோடு, அதற்கு வந்த விமர்சனங்களைக் கண்டு தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூபர்களை உள்ளே விடக் கூடாது என்றார்கள். வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. கருத்துச் சொல்லும் உரிமையில் கை வைக்க முடியாது என்றது. சரியான முடிவு.

ஆனாலும் அவர்கள் கேட்டது ஒன்றும் புதிதல்ல. வார இதழ் காலத்தில் அந்த அவகாசத்தை அச்சகமே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. படம் வெள்ளிக்கிழமை வரும். விமர்சனம் எழுதி, அச்சாகி, கட்டு கட்டாகப் பஸ் ஏறிக் கடைக்கு வர ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். அதற்குள் சென்னையிலும் கோவையிலும் ஜனங்கள் தீர்ப்பை எழுதி முடித்திருப்பார்கள். கோபி மாதிரி ஊர்களில் நிலைமை தலைகீழ். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் பல படங்களுக்கு இங்கே வரும். மார்க் முதலில் வந்து, படம் பின்னால் வரும். நாற்பது மார்க்கை மனதில் வைத்துக்கொண்டு போனவர், விகடன் சொன்னது சரிதானா என்று திருத்தும் வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருப்பார். இப்போது சென்னைக்கும் கோபிக்கும் ஒரே காலைக் காட்சி. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகும்போதே கையிலிருக்கும் போனில் மூன்று விமர்சனங்கள் வந்துவிடுகின்றன. அவற்றில் இரண்டு, இரண்டாம் பாதி இழுவை என்கின்றன.