ஒரே மதிப்பெண், வெவ்வேறு சராசரி: கல்லூரி 'அரியர்' தரப்புள்ளியில் கணக்கிடப்படுவது எப்படி?

புதுடெல்லி: கல்லூரிப் பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறுவதற்கு இந்தியாவில் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது 'அரியர்'. கேரளத்திலும் ஆந்திரத்திலும் மாணவர்கள் அதைச் 'சப்ளி' என்கின்றனர். மும்பையில் 'ஏடிகேடி', வட மாநிலங்கள் பலவற்றில் 'பேக்', டெல்லி பல்கலைக்கழகத்தில் 'இஆர்' என அதன் பெயர் மாறிக்கொண்டே செல்கிறது.

பெயரைப் போலவே விதியும் மாறுகிறது. தவறிய தாள் சராசரியைக் குறைக்குமா, மீண்டும் எழுதிப் பெறும் மதிப்பெண் முழுமையாகச் சேருமா, எத்தனை ஆண்டுகள் வரை எழுதலாம் ஆகிய கேள்விகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. ஒரே மதிப்பெண்களைப் பெற்ற இரு மாணவர்கள், வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் படிப்பதால் மட்டுமே வெவ்வேறு சராசரியுடன் வெளியேற நேரிடலாம்.

பத்துப் புள்ளி அளவுகோல்

விருப்பத் தேர்வு அடிப்படையிலான கிரெடிட் முறைக்காக யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2015-ஆம் ஆண்டு வகுத்த வழிகாட்டுதல்களில் பத்துப் புள்ளி அளவுகோல் பரிந்துரைக்கப்பட்டது. அதன்படி 'ஓ' கிரேடுக்கு 10, 'ஏ பிளஸ்' கிரேடுக்கு 9, 'ஏ' கிரேடுக்கு 8, 'பி பிளஸ்' கிரேடுக்கு 7, 'பி' கிரேடுக்கு 6, 'சி' கிரேடுக்கு 5 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. வெறும் தேர்ச்சி பெற்றவருக்கு 4 புள்ளிகள். தேர்ச்சி பெறாதவருக்கு உரிய 'எஃப்' கிரேடுக்கும், தேர்வுக்கு வராதவருக்கும் பூஜ்யம். 2022 டிசம்பரில் வெளியான இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பிலும் இதே அளவுகோல் இடம்பெற்றுள்ளது.

ஒவ்வொரு தாளின் கிரெடிட் எண்ணிக்கையை அத்தாளில் பெற்ற கிரேடு புள்ளியால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையை மொத்தக் கிரெடிட்டுகளால் வகுத்தால் கிடைப்பது அப்பருவத்தின் தரப்புள்ளி சராசரி. எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடும்போது அது சிஜிபிஏ எனப்படும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளி சராசரி ஆகிறது.

எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்தக் கிரேடு என்பதை நிர்ணயிக்க இரு வழிகள் உள்ளன. 91 முதல் 100 வரை 'ஓ' என்பது போல வரம்புகளை முன்கூட்டியே அறிவிப்பது ஒன்று. வகுப்பில் மற்றவர்கள் பெற்ற மதிப்பெண்களோடு ஒப்பிட்டுக் கிரேடு வழங்கும் ஒப்பீட்டு முறை மற்றொன்று. பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்கள் முதல் வழியையும், ஐஐடி போன்ற நிறுவனங்கள் பொதுவாக இரண்டாவது வழியையும் பின்பற்றுகின்றன.

'எஃப்' கிரேடு எங்கே போகிறது?

ஒரு பருவத்தில் தலா 4 கிரெடிட் கொண்ட ஐந்து தாள்களை எழுதும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு தாள்களில் அவர் முறையே 9, 8, 7, 6 புள்ளிகள் பெறுகிறார். ஐந்தாவது தாளில் 'எஃப்'.

யுஜிசி சூத்திரத்தின்படி, மாணவர் படித்த எல்லாத் தாள்களும் கணக்கில் சேரும். மொத்தப் புள்ளிகள் 120, கிரெடிட்டுகள் 20. எனவே சராசரி 6.00.

தேர்ச்சி பெறாத தாளைக் கணக்கிலிருந்தே விலக்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் படிப்பு விதிமுறைகள் இவ்வகையைச் சார்ந்தவை. அங்கு அதே 120 புள்ளிகள் 16 கிரெடிட்டுகளால் வகுக்கப்படும். சராசரி 7.50. விடைத்தாள்கள் ஒன்றே என்றாலும் இரு சராசரிகளுக்கும் இடையே ஒன்றரைப் புள்ளி வேறுபாடு.

அம்மாணவர் அடுத்த முறை எழுதி 'சி' கிரேடில் தேர்ச்சி பெற்றால், இரு முறைகளிலும் கணக்கு 140-ஐ 20-ஆல் வகுத்து 7.00 என்றாகிறது. முதல் முறையில் படிப்பவருக்குச் சராசரி 6.00-லிருந்து உயர்கிறது. இரண்டாவது முறையில் படிப்பவருக்கோ 7.50-லிருந்து குறைகிறது. அரியரை முடித்த பிறகு சிஜிபிஏ குறைந்துவிட்டதாகச் சில மாணவர்கள் குழப்பமடைவதற்கு இதுவே காரணம். மதிப்பெண் பட்டியலில் பிழை ஏதும் இருக்காது. அதுவரை கணக்கில் வராதிருந்த தாள் குறைந்த புள்ளியுடன் உள்ளே வருவதே அங்கு நடக்கிறது.

மறுதேர்வா, மீண்டும் வகுப்பா?

தேர்வை மட்டும் மீண்டும் எழுதுவதும், பாடத்தையே மீண்டும் படிப்பதும் வெவ்வேறானவை.

உள்மதிப்பீட்டில் போதிய மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் இருந்து, பருவ இறுதித் தேர்வில் மட்டும் தவறியவருக்குப் பொதுவாக மறுதேர்வு வாய்ப்பு கிடைக்கும். பல பல்கலைக்கழகங்களில் அவரது பழைய உள்மதிப்பீட்டு மதிப்பெண் அப்படியே தொடரும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. உள்மதிப்பீட்டில் குறைவாகப் பெற்றவர், அந்தக் குறையை ஒவ்வொரு முயற்சியிலும் இறுதித் தேர்வில் கூடுதலாக எடுத்தே ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

வருகைப் பதிவு குறைந்தவரின் நிலை வேறு. பல பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு வருகையைக் கட்டாயமாக்கியுள்ளன. அதை எட்டாதவர் தேர்வு எழுதவே அனுமதிக்கப்படாமல், பாடத்தை முழுமையாக மீண்டும் படிக்க நேரிடும். யுஜிசி கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர விரிவுரைக்குச் சமம். அதாவது 4 கிரெடிட் தாளை மீண்டும் படிப்பது 60 மணி நேர வகுப்புக்குச் செல்வதாகும். ஆய்வகப் பயிற்சி எனில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

தோல்வியின் வகையைக் கிரேடிலேயே பிரித்துக் காட்டும் நிறுவனங்களும் உள்ளன. சென்னை ஐஐடி, பாடத்தில் தேர்ச்சி பெறாதவருக்கு 'யு' கிரேடும், வருகைக் குறைவால் தேர்வு எழுத முடியாதவருக்கு 'டபிள்யூ' கிரேடும் வழங்குகிறது.

உச்சவரம்பும் முதல் முயற்சியும்

மறுதேர்வில் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் குறிப்பிட்ட கிரேடுக்கு மேல் வழங்காத நிறுவனங்கள் உண்டு. முதல் முறையே தேர்ச்சி பெற்றவர்களுக்கு அநீதி நேரக் கூடாது என்பது இவ்விதிக்குக் கூறப்படும் காரணம். உடல்நலக் குறைவாலோ குடும்பச் சூழலாலோ தவறியவருக்கும் இதே வரம்பு பொருந்துவது சரியா என்பது எதிர்வாதம். அதனால்தான் மருத்துவக் காரணங்களுக்காக முன்கூட்டியே அனுமதி பெற்றுத் தேர்விலிருந்து விலகிக்கொள்ளும் வசதியைச் சில பல்கலைக்கழகங்கள் தனியே அளிக்கின்றன.

மேற்கண்ட மாணவர் மறுதேர்வில் 8 புள்ளிகளுக்கு உரிய மதிப்பெண் பெற்றால் பருவச் சராசரி 7.60 ஆகும். வெறும் தேர்ச்சிக்கான 4 புள்ளிகள்தான் வழங்கப்படும் எனில் அது 6.80 மட்டுமே. மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் 120 கிரெடிட்டுகளில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 0.13 புள்ளியாகச் சுருங்கிவிடும். ஒரு தாளில் தவறியதால் பட்டமே பயனற்றுப் போவதில்லை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

எனினும் தகுதி வரம்பின் விளிம்பில் நிற்பவருக்கு 0.13 புள்ளியும் முக்கியம். நான்காண்டு இளநிலைப் படிப்பில் 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்' பிரிவில் சேர, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு தேவை. யுஜிசி நெட் தேர்வு எழுத, பொதுப் பிரிவினருக்கு முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தோர் அல்லாதவர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 50 விழுக்காடும் தேவை.

சராசரியை உயர்த்தினாலும் மீட்க முடியாத ஒன்றும் உண்டு. அது 'முதல் முயற்சி'. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் விதிமுறைகளில், சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்குச் சிஜிபிஏ 8.50 இருந்தால் மட்டும் போதாது. எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வளாக வேலைவாய்ப்பு முகாம்களிலும் இரு வகை நிபந்தனைகள் காணப்படுகின்றன. முடிக்கப்படாத அரியர் இருக்கக் கூடாது என்பது ஒன்று. அரியர் வைத்த வரலாறே இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. அறிவிப்பில் இடம்பெறும் சொல்லைக் கவனித்த பின்னரே மாணவர்கள் விண்ணப்பிக்க வேண்டியுள்ளது.

மறுமதிப்பீடு உரிமையா?

திருத்தத்தில் பிழை நேர்ந்திருக்கலாம் எனக் கருதும் மாணவர், மறுதேர்வுக்கு முன் விடைத்தாளைப் பார்ப்பது நல்லது. திருத்தப்பட்ட தமது விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பார்வையிடவும் நகல் பெறவும் தேர்வருக்கு உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

விடைத்தாளைப் பார்ப்பது உரிமை. மறுமதிப்பீடு அத்தகையது அன்று. தேர்வு விதிகளில் இடமிருந்தால் மட்டுமே அதைக் கோர முடியும் என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதிசெய்த நிலைப்பாடு. மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் மறுதேர்வுக்கான விண்ணப்பக் கெடு முடிந்துவிடும் சூழலும் உண்டு. அத்தகைய நேரத்தில் இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதே பாதுகாப்பானது.

எத்தனை ஆண்டுகள் அவகாசம்?

படிப்புக்கு உரிய காலத்துக்கு மேல் 2 ஆண்டுகளும், விதிவிலக்கான சூழலில் மேலும் ஓராண்டும் அவகாசம் அளிக்கலாம் என யுஜிசி 2015-இல் அறிவுறுத்தியது. தேசியக் கல்விக் கொள்கையின் அடிப்படையில் அமைந்த 2022 கட்டமைப்பு, இளநிலைப் பட்டத்தை முடிக்க அதிகபட்சமாக 7 ஆண்டுகள் அளிக்கிறது. கல்விசார் கிரெடிட் வங்கியில் சேமிக்கப்படும் கிரெடிட்டுகளும் அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கே செல்லும். தேர்ச்சி பெறாத தாளுக்கு அங்கு கிரெடிட் ஏதும் சேராது.

காலக்கெடு முடிந்தவர்களுக்குச் சில நேரங்களில் சிறப்பு வாய்ப்பு அளிக்கப்படுவதுண்டு. 1922-இல் தொடங்கப்பட்ட டெல்லி பல்கலைக்கழகம், நூற்றாண்டையொட்டி, பட்டம் முடிக்காமல் வெளியேறிய முன்னாள் மாணவர்கள் மீண்டும் தேர்வெழுத 2022-இல் வழிவகுத்தது. இத்தகைய வாய்ப்பை மாணவர் உரிமையாகக் கோர முடியாது.

தேர்வின்றித் தேர்ச்சி சாத்தியமா?

கொரோனா காலத்தில் இக்கேள்வி நீதிமன்றங்களுக்குச் சென்றது. இறுதியாண்டு மாணவர்களைத் தேர்வு நடத்தாமல் தேர்ச்சி பெறச் செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் இல்லை என்றும், பேரிடரைக் காரணம் காட்டித் தேர்வைத் தள்ளிவைக்க யுஜிசியிடம் கோரலாம் என்றும் 2020 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே மாதத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்திய அரியர் மாணவர்களுக்கு, இறுதிப் பருவத் தாள்கள் தவிர்த்து, தேர்வின்றித் தேர்ச்சி வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், தேர்வே நடத்தாமல் தேர்ச்சி அளிப்பதை ஏற்க முடியாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தெரிவித்தது. தேர்ச்சி பெற்றுவிட்டதாக எண்ணியிருந்த மாணவர்கள் மீண்டும் தேர்வுக்குத் தயாராக வேண்டியதாயிற்று.

மாணவர் கவனிக்க வேண்டியவை

மறுதேர்வுக் கட்டணம் செலுத்துவதற்கு முன், தாம் சேர்ந்த ஆண்டுக்குப் பொருந்தும் விதிமுறையைப் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்துப் பார்ப்பது அவசியம். விதிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மூத்த மாணவருக்குப் பொருந்திய விதி இளையவருக்குப் பொருந்தாமல் போகலாம். அதில் பார்க்க வேண்டியவை ஐந்து:

* தவறிய தாள் சராசரியில் பூஜ்யமாகச் சேர்கிறதா, தேர்ச்சி பெறும்வரை விலக்கப்படுகிறதா?
* மறுதேர்வில் பெறும் கிரேடுக்கு உச்சவரம்பு உண்டா?
* பழைய உள்மதிப்பீட்டு மதிப்பெண் தொடருமா, அதை மேம்படுத்த வழி உண்டா?
* அடுத்த ஆண்டுக்குச் செல்ல எத்தனை தாள்களில் அல்லது கிரெடிட்டுகளில் தேர்ச்சி வேண்டும்?
* பட்டத்தை முடிப்பதற்கான இறுதிக் கெடு எது?

இவற்றுக்கான விடைகளைக் கல்லூரித் தேர்வுப் பிரிவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம். 'எஃப்' கிரேடு பெற்றவர் மீண்டும் தேர்வெழுத வேண்டும் என்று கூறும் யுஜிசி வழிகாட்டுதல்கள், அந்தத் தேர்வை எப்படி நடத்துவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகங்களின் முடிவுக்கே விட்டுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.